பதினோரு மணி வெயில்

ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் ஒரு மணிக்குள் அதே ட்யூபைக் கேட்டு ஏழு பேர் வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் இருபதிலிருந்து இருபத்துமூன்று வயதுக்குள்தான் இருக்கும். எல்லோர் முகத்திலும் நெற்றியும் கன்னமும் தீய்ந்து சிவந்திருந்தன. ஏழாவதாக வந்தவன் கையில் ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தான். ட்யூபின் பெயரை அதில் யாரோ கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எழுதியவர் டாக்டர் இல்லை என்பது, ஒரே பார்வையில் படிக்க முடிந்ததிலிருந்தே தெரிந்தது.

"யாரு எழுதிக் குடுத்தது?" என்று கேட்டாள் ஃபர்ஹானா.

"எங்க மாஸ்டருங்க. வெயில்ல ஓடி மூஞ்சி எரிஞ்சா இதத் தேய்க்கச் சொன்னாரு."

அவன் பெயர் செம்மல். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் பாஸ் பண்ணிவிட்டு, உடல்தகுதித் தேர்வுக்காகத் திருமயம் சாலையில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்திருந்தான். அவனோடு முப்பத்திரண்டு பேர். அன்றைக்கு அவனுக்கு முன்னால் வந்த ஆறு பேரும் அந்தக் கூட்டம்தான்.

இது முகத்தில் தேய்க்கிற மருந்தில்லை, டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்று ஃபர்ஹானா சொன்னாள். அவன் விழித்தான். போன வாரம் இதே கடையில்தானே வாங்கினேன் என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து முதலாளி கணபதியின் கை நீண்டது. ட்யூபை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு, "தம்பி பஸ்ஸுக்கு நிக்கிது பாரு, விடும்மா" என்றார். ஃபர்ஹானாவுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது.

புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற அந்த மருந்துக்கடையில் அவள் மருந்தாளுநர். வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. முதல் நாளிலிருந்தே முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் நிற்பாள். கொரோனா காலத்தில் எல்லோரும் போட்டார்கள், பிறகு எல்லோரும் கழற்றினார்கள், அவள் மட்டும் கழற்றவில்லை. கழற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர் கணபதிதான். உன் முகத்தைப் பார்த்தால் மருந்து வாங்க வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள், தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று தன்மையாகத்தான் சொன்னார். அவள் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள், ஆனால் போட்டுக்கொண்டாள்.

அவள் பிறந்தது மணமேல்குடிப் பக்கம். அத்தா முகமது இப்ராஹிம் கரையில் மீன் ஏலம் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறவர். பார்மசி டிப்ளமோ இரண்டாம் வருடம் படிக்கும்போது சம்பந்தம் பேச வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சவுதியில் வேலை. பெண் நல்ல பெண், படித்த பெண், கொஞ்சம் நிறம்தான் மட்டு என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ சொன்னதாகக் காற்றுவாக்கில் செய்தி வந்தது. சொன்னது யார் என்று இன்றுவரை தெரியாது. அடுத்த வாரமே பெரியம்மா மகள் ஒருத்தி ஒரு ட்யூபைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். இதே ட்யூப்தான்.

அந்த மருந்து என்னவென்று அவளுக்குத் தெரியாதா? பாடப் புத்தகத்தில் ஒரு முழுப் பக்கம் அதைப் பற்றியே இருந்தது. அது ஸ்டீராய்டு கலந்த மருந்து. தோல் தடித்துப்போன கடுமையான படைகளுக்கு, டாக்டர் மேற்பார்வையில், எண்ணி சில நாட்கள் மட்டும் போட வேண்டியது. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு அவள் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து அதையே முகத்தில் தேய்த்துக்கொண்டாள். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. மற்றவர்கள்மேல் வருகிற கோபமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் பதினைந்து நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிடும். பரு மறையும், நிறம் ஏறும். எட்டு மாதம் தேய்த்தாள். நிக்காஹ் அன்றைக்கு எல்லோரும் கண் வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து, அக்கா வீட்டுக்கு நடந்து போனபோது, கால் மணி நேர வெயிலில் கன்னம் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிந்தன. மருந்தை நிறுத்தினால் முகம் தக்காளிப்பழமாக வீங்கியது, தேய்த்தால் அடங்கியது. இப்படியே இன்னொரு வருடம் போயிற்று. கடைசியில் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, கன்னத்தில் நரம்பெல்லாம் சிவப்பு நூலாகத் தெரிய ஆரம்பித்தது. நாடியில் முடி முளைத்தது. இரண்டு நெற்றிப்பொட்டிலும் கருநீலமாகப் படர்ந்தது. கணவன் முகமது ரபீக் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லாமல் இருக்கிறாரே என்று அவள்தான் அழுதாள்.

அதற்குப் பிறகுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். இந்த ஊரில் வெயிலைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. "கறுத்துப்போவ" என்று மட்டும்தான் சொல்கிறார்கள். பெண்பிள்ளையிடம் அதைச் சொன்னால் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொள்ளும், கூடவே ட்யூபையும் தேய்க்கும். ஆண்பிள்ளையிடம் அதையும் சொல்வதில்லை, ஆம்பளைக்கு என்ன என்று விட்டுவிடுவார்கள். தோல் என்பது உடம்பைப் போர்த்தியிருக்கிற ஓர் உறுப்பு, அதற்கும் காயம் படும், அது கெட்டால் மாற்றுத் தோல் கிடைக்காது என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. பள்ளிக்கூடத்திலும் இல்லை, பள்ளிவாசலிலும் இல்லை, அவள் வேலை பார்க்கிற மருந்துக்கடையிலும் இல்லை.

அந்த வாரம் முழுக்க அவள் ட்யூபைக் கேட்டவர்களைத் திருப்பி அனுப்பினாள். கணபதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நாம் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்குவார்கள் என்றார். அது உண்மைதான். அடுத்த வாரம் சாயங்கால நேரத்துக்கென்று தன் அக்கா மகன் கண்ணனைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஃபர்ஹானா ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனதும் ட்யூப் தாராளமாகப் போயிற்று.

ஒரு நாள் அவள் கிளம்புகிற நேரத்தில் ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும், பெயர் ப்ரியங்கா, விராலிமலைப் பக்கத்துக் கிராமம். அதே மையம்தான். கன்னத்தில் பொடிப்பொடியாகக் கொப்புளம், உதட்டுக்குமேல் செதில். இன்னும் பவர் கூடின ட்யூப் இருக்கிறதா என்று கேட்டாள்.

ஃபர்ஹானா பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். எத்தனை நாளாகத் தேய்க்கிறாய் என்று கேட்டாள். மூன்று மாதம் என்றாள் அந்தப் பெண். போலீஸ் வேலைக்குப் போகிறேன் என்று வெயிலில் கிடந்து கறுத்துப் போகிறாய், அந்த வேலையும் கிடைக்காவிட்டால் உன்னை யார் கட்டுவான் என்று வீட்டில் ஓயாமல் சொல்கிறார்களாம். வேலையும் வேண்டும், வீட்டார் வாயும் அடங்க வேண்டும். அதற்குத்தான் ட்யூப்.

ஃபர்ஹானா கையிலிருந்த பையை மேசைமேல் வைத்தாள். பிறகு காதிலிருந்து கவசத்தின் கயிற்றைக் கழற்றினாள்.

"நல்லாப் பாரு. எட்டு மாசம் செவப்பா இருந்தேன். இப்ப பதினோரு வருஷமா இப்பிடி இருக்கேன்."

ப்ரியங்கா பார்த்தாள். கணபதி கல்லாவிலிருந்து, "ஃபர்ஹானா, கஸ்டமர் நிக்கிறாங்க" என்றார். அவள் திரும்பவே இல்லை. அந்தப் பெண் கும்பிடுகிற மாதிரி கையைக் குவித்து ஏதோ முணுமுணுத்துவிட்டு வெளியே போய்விட்டாள். ஃபர்ஹானா வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தாள். ப்ரியங்கா நேராக அடுத்த மருந்துக்கடைக்குள் நுழைந்துகொண்டிருந்தாள்.

முகத்தையே திறந்து காட்டியும் பலிக்கவில்லை என்றால் இனி என்னத்தைச் செய்வது? ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. பதினோரு மணிக்கு ஷேர் ஆட்டோ பிடித்துப் பயிற்சி நடக்கிற மைதானத்துக்குப் போனாள்.

அது ஒரு தனியார் பள்ளியின் மைதானம். வேப்பமரம் ஒன்று இருந்தது, அதன் நிழலில் ஒரு நாற்காலி போட்டு மாஸ்டர் செல்லமுத்து உட்கார்ந்திருந்தார். ராணுவத்தில் இருந்து வந்தவர். தலையில் வட்டத் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. மைதானத்தில் முப்பத்திரண்டு பிள்ளைகள் கையில்லாத பனியனோடு வெறுந்தலையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் கழற்றச் சொன்ன தொப்பிகள் மரத்தடியில் குவிந்து கிடந்தன. செம்மண் தரை கொதித்தது. செருப்புப் போட்ட காலுக்கே சூடு தெரிந்தது.

ஃபர்ஹானா தான் யார் என்று சொன்னாள். எதற்கு வந்தேன் என்று சொன்னாள். அந்த ட்யூபை இவர் எழுதிக் கொடுக்கக் கூடாது, பிள்ளைகளுக்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும், இந்த நேரத்தில் ஓடவிடக் கூடாது என்றாள். செல்லமுத்து பொறுமையாகக் கேட்டார். நம்முடைய தோல் வெயிலுக்கென்றே படைத்தது என்றார். வெள்ளைத்தோலைவிட நம் தோல் தாங்கும் என்பது நிஜம்தான், ஆனால் தாங்குகிற தோலைத்தான் நீங்கள் மருந்து போட்டு உரித்துவிட்டீர்களே என்றாள் அவள். அவர் சிரித்தார்.

"மேடம், நாளைக்கு இவங்க ரோட்டுல பந்தோபஸ்துக்கு நிக்கணும். கொடை புடிச்சுக்கிட்டா நிப்பாங்க? இப்பவே பழகட்டும்."

"அப்ப நிக்கிறவங்களுக்குத் தொப்பி குடுத்துதாங்க நிக்க வைக்கிறாங்க. நீங்க இருக்கிற தொப்பியவும் கழட்டச் சொல்றீங்க. ஒங்க தலையில இருக்கறத மட்டும் கழட்டல."

அவர் முகம் மாறிவிட்டது. விசில் ஊதினார். பிள்ளைகள் மூச்சிரைக்க வந்து நின்றார்கள். மேடம் ஏதோ சொல்ல வந்திருக்கிறார், கேளுங்கள் என்று கையைக் கட்டிக்கொண்டார். ஃபர்ஹானாவுக்குப் பேசிப் பழக்கமில்லை. கோபத்தில் முன்னுக்குப் பின்னாகப் பேசினாள். தோல் மெலிகிறது, நரம்பு தெரிகிறது, மங்கு கருந்திட்டாகப் படர்கிறது, சன் ஸ்க்ரீன் போட வேண்டும் என்றெல்லாம் அடுக்கினாள். வியர்வையில் நின்ற பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செம்மல்தான் கேட்டான், கேலியாகக்கூட இல்லை, நிஜமாகவே கேட்டான்.

"அக்கா, ஒங்க கடையில புதுசா க்ரீம் எதும் வந்துருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். ப்ரியங்கா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் போகும் முன் ஃபர்ஹானா ஒன்றே ஒன்று கேட்டாள். ஏன் காலையில் ஆறு மணிக்கு ஓடக் கூடாது? செல்லமுத்து தோளைக் குலுக்கினார். ஆறிலிருந்து ஒன்பதுவரை மைதானம் கிரிக்கெட் பயிற்சிப் பள்ளிக்கு, சாயங்காலமும் அவர்களுக்குத்தான். அவர்கள் வாடகை கூடத் தருகிறார்கள். நமக்குக் கொடுத்திருப்பது ஒன்பதிலிருந்து பன்னிரண்டு.

அன்றைக்கு ராத்திரி ரபீக் சவுதியிலிருந்து போன் பண்ணியபோது அவள் இதையெல்லாம் கொட்டினாள். அவர் அங்கே கட்டுமான வேலையில் மேற்பார்வையாளர். அங்கெல்லாம் கோடை மூன்று மாதமும் மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை வெட்டவெளியில் ஆளை வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதே என்றார். அவர் ஆறுதலுக்காகச் சொன்னது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பாலைவனத்தில் கல் சுமக்கிறவனுக்கு இருக்கிற காவல், சொந்த ஊரில் படித்துத் தேர்வு எழுதிப் பாஸ் பண்ணின பிள்ளைகளுக்கு இல்லையா?

பத்து நாள் கழித்து ப்ரியங்கா மறுபடி வந்தாள். இந்த முறை காலையிலேயே வந்தாள். முகம் வீங்கிக் கண் இடுங்கியிருந்தது. கன்னத்திலிருந்து நீர் கசிந்தது. அன்றைக்குப் பார்த்த முகம் மனதை உறுத்திக்கொண்டே இருந்ததால் ட்யூபை நிறுத்திப் பார்த்தாளாம். நிறுத்தின நாலாம் நாள் இப்படி ஆகிவிட்டது. வெயிலில் நின்றால் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு எரிகிறது என்றாள். ஃபர்ஹானா அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவளைப் பெரியாஸ்பத்திரித் தோல் பிரிவுக்கு அழைத்துப் போனாள்.

டாக்டரம்மா பார்த்ததும் ட்யூபின் பெயரைச் சரியாகச் சொன்னார். இந்த மாதம் இப்படி வருகிறவர்களை எண்ணுவதையே விட்டுவிட்டேன் என்றார். மருந்து எழுதினார். இந்த வீக்கம் சில வாரங்களில் அடங்கும், தோல் தேறுவதற்கு மாதக்கணக்காகும், அதுவரை வெயில் படவே கூடாது என்றார்.

"அப்ப நான் ஓடவே கூடாதா டாக்டர்? செலக்ஷனுக்கு இன்னும் ஏழு வாரந்தான் இருக்கு" என்றாள் ப்ரியங்கா.

"ஓடும்மா. யாரு வேணாம்னது? ஒம்பது மணிக்கு முன்னாடி ஓடு, நாலு மணிக்கு மேல ஓடு. தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்க. சன் ஸ்க்ரீன் முடிஞ்சா போடு, ஆனா அதை மட்டும் நம்பாத."

"கிரவுண்டே ஒம்பது மணிக்கு மேலதான் தர்றாங்க."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு இரண்டு பேரையும் பார்த்தார். "அதை நான் சீட்டுல எழுதித் தர முடியாதே" என்றார்.

ஃபர்ஹானா ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். கடைக்குள் நுழைந்ததும், லைசென்ஸுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த தன் பதிவுச் சான்றிதழை ஆணியிலிருந்து எடுத்தாள். அவள் பெயரும் பதிவு எண்ணும் அதில்தான் இருக்கின்றன. அது சுவரில் இல்லாமல் மருந்துக்கடை நடத்த முடியாது. கணபதிக்கு அது நன்றாகத் தெரியும்.

"என்னம்மா பண்றே?" என்று எழுந்துவிட்டார்.

"அந்த ட்யூபு இந்தக் கடையிலேர்ந்து டாக்டர் சீட்டு இல்லாம போச்சுன்னா, அது நான் குடுத்ததா அர்த்தங்க. என் பேரு போட்டுத்தான் குடுக்கறீங்க. அந்தப் புள்ளைக்கு மூஞ்சியிலேர்ந்து தண்ணி வடியுது. நான் இல்லாத நேரத்துல கண்ணன் விக்கிறதுக்கும் நான்தான் பொறுப்பா?"

கணபதி முதலில் அதட்டினார். ஆறு வருடச் சோற்றை நினைத்துப் பார் என்றார். பிறகு குரலை இறக்கினார். அவள் சான்றிதழைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே நின்றாள். கடைசியில் அவர் அலமாரியைத் திறந்து, மீதமிருந்த ட்யூபுகளைப் பெட்டியோடு எடுத்து உள்ளறையில் பூட்டிச் சாவியை அவளிடம் கொடுத்தார். அவள் சான்றிதழைத் திரும்ப மாட்டினாள். முகக்கவசத்தைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டாள். யாரும் பயந்து ஓடவில்லை. ஒரு பாட்டி மட்டும் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்துவிட்டதா என்று கேட்டாள். இல்லை, மருந்து என்று அவள் சொன்னாள்.

மறுநாள் அவளும் ப்ரியங்காவும் மைதானம் இருக்கிற பள்ளியின் அலுவலகத்துக்குப் போனார்கள். மேலாளர் மரியாதையாக உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். காலையில் ஒரு மணி நேரம், மைதானத்தின் ஒரு ஓரம் போதும் என்று கேட்டார்கள். முடியாது என்றார். கிரிக்கெட் பிள்ளைகளின் பெற்றோர் ஆரம்பத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார்களாம், ஒன்பதுக்குமேல் என்றால் பிள்ளைகளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்று.

"அந்தப் புள்ளைங்களுக்கு ஒத்துக்காத வெயிலு இவங்களுக்கு மட்டும் எப்பிடிங்க ஒத்துக்கும்?" என்று ஃபர்ஹானா கேட்டாள்.

மேலாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஃபர்ஹானா மோரைக் குடிக்காமல் எழுந்து வந்தாள். வெளியே வந்து பள்ளிச் சுவரோரம் நின்றாள். இவ்வளவு நாளும் இந்தப் பிள்ளைகளைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொன்னால் கேட்கமாட்டார்கள், புத்தி இல்லை, அழகுக்குப் பறக்கிறார்கள் என்றெல்லாம் மனதுக்குள் வைதிருந்தாள். நிழலை ஒருத்தன் வாடகை கொடுத்து எடுத்துக்கொண்டான், மிச்ச வெயிலை இவர்கள் தலையில் கட்டிவிட்டார்கள். அதில் நின்றுகொண்டு தோலைக் காப்பாற்று என்று இவர்களுக்குப் பாடம் எடுத்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

"கிரவுண்டு இல்லாட்டி ஓட முடியாதாக்கா?" என்றாள் ப்ரியங்கா. வீங்கின முகத்தோடு, அவளாகவே கேட்டாள்.

அந்தக் கேள்வி செம்மலிடம் போயிற்று. அவனும் பிடரித் தோல் உரிந்து, சட்டைக் காலர் பட்டால் துடித்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா கொத்தனார். அவரிடமிருந்து அளவு நாடாவை வாங்கிக்கொண்டு புதுக்குளம் கரைக்குப் போனான். நடைப்பயிற்சிப் பாதையில் நானூறு மீட்டர் அளந்து, தொடக்கத்திலும் முடிவிலும் சுண்ணாம்பால் கோடு கிழித்தான். நீளம் தாண்டுவதற்கு, வீடு கட்டுகிற ஓரிடத்தில் மணல் குவித்திருந்ததை அப்பாவிடம் சொல்லிப் பரப்பி வைத்தான். ப்ரியங்கா தன் அம்மாவின் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, தொப்பிகளுக்குப் பின்னால் பிடரி மறைகிற மாதிரி துணி வைத்துத் தைத்தாள். காலை ஐந்தரைக்கு ஓட்டம் என்று வாட்ஸ்அப்பில் போட்டார்கள்.

முதல் நாள் பதினோரு பேர் வந்தார்கள். இரண்டாம் நாள் ஆறு. பிடரித் துணி வைத்த தொப்பியைப் பார்த்து, நடக்க வந்த பெரியவர்கள் ஒட்டகம் மேய்க்கப் போகிறீர்களா என்று கேட்டார்கள். வராதவர்களிடம் செம்மல் தோலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஸ்டாப்வாட்சைக் காட்டினான். பதினோரு மணிக்கு ஓடுவதைவிடக் காலையில் ஓடினால் ஒவ்வொருவருக்கும் நானூறு மீட்டரில் நாலைந்து விநாடி குறைந்தது. அது வேலை செய்தது. மூன்றாம் வாரம் பத்தொன்பது பேர். ஃபர்ஹானா வேலைக்குப் போகும் முன் வந்து கரையில் நிற்பாள். யாருக்காவது கொப்புளம் இருந்தால் பார்ப்பாள், பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவாள். பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கேட்டால் மட்டும் சொன்னாள்.

மையத்தில் ஆள் குறைந்ததும் செல்லமுத்து ஒரு நாள் விடியற்காலையில் குளத்துக் கரைக்கு வந்துவிட்டார். எல்லோரும் நின்றுவிட்டார்கள். சண்டை வரப்போகிறது என்று ஃபர்ஹானா துப்பட்டாவை இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவர் அவளைக் கவனிக்கவே இல்லை. செம்மல் கையிலிருந்த ஸ்டாப்வாட்சை வாங்கி, ஓடுங்கள் என்றார். இரண்டு தடவை ஓடவைத்துப் பார்த்தார். மூன்றாவது தடவை கடிகாரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டாப்வாட்சைச் செம்மல் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து மையத்தின் பயிற்சி காலை ஐந்தரைக்குப் புதுக்குளம் கரையில் என்று அறிவிப்பு வந்தது. கூடவே மையத்தின் பெயர் அச்சடித்த முழுக்கைப் பனியனும் தொப்பியும் வந்தன. விஞ்ஞான முறையில் பயிற்சி, இது எங்கள் மாஸ்டரின் சொந்த யோசனை என்று நோட்டீஸில் போட்டிருந்தது. படித்ததும் ஃபர்ஹானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பேர் முகத்தைப் பொசுக்கினதற்கு ஒரு வார்த்தை வருத்தம் இல்லை, ட்யூபை எழுதிக் கொடுத்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. நேரே போய்க் கேட்கிறேன் என்று கிளம்பியவளை ப்ரியங்காதான் நிறுத்தினாள். "விடுங்கக்கா. முப்பத்திரண்டு பேரும் தொப்பி போட்டாச்சுல்ல" என்றாள். விட்டாள். ஆனால் அதற்குப் பிறகு செல்லமுத்து தலைவலி மாத்திரை வாங்க வந்தால்கூட அவள் சிரித்துப் பேசுவதில்லை.

உடல்தகுதித் தேர்வு ஜூன் கடைசியில் நடந்தது. செம்மல் ஓட்டத்திலும் கயிறேறுவதிலும் தேறிவிட்டான். ப்ரியங்கா நானூறு மீட்டரைத் தாண்டினாள், நீளம் தாண்டுவதில் ஒரு சாண் குறைந்து போயிற்று. மறுநாள் கடைக்கு வந்து சொன்னாள். அழுதிருந்தாள், ஆனால் கடையில் அழவில்லை. வீக்கம் வற்றி, முகத்தில் திட்டுத் திட்டாகக் கறுப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. அது போக இன்னும் ஒரு வருடமாவது ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

வீட்டில் என்ன சொன்னார்கள் என்று ஃபர்ஹானா கேட்டாள்.

"வேலையும் போச்சு, மொகமும் கறுத்துப்போச்சுன்னு அம்மா ஒரே பொலம்பல். முன்னாடின்னா உள்ள போயி ட்யூப எடுத்துருப்பேன்க்கா. இப்ப, 'நான் கறுப்புதாம்மா, பொறந்ததுலேர்ந்தே கறுப்புதான். கறுப்பு நோவு இல்ல, இப்ப பட்டுக்கிட்டு இருக்கறதுதான் நோவு'ன்னுட்டேன். சாயங்காலம் அம்மா பால்காரருகிட்ட, எம்மவ அடுத்த வருஷமும் எழுதுறான்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு."

ஃபர்ஹானா சிரித்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கடை வாசலில் கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் துண்டுக் காகிதத்தோடு நிற்பது தெரிந்தது. அந்தக் கடையில் இன்னும் அதை விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தக் கடையைப் பற்றி மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அவள் போன மாதம் அனுப்பின புகார் எங்கே கிடக்கிறதோ தெரியவில்லை. "கொஞ்சம் கடையப் பாத்துக்கங்க" என்று கணபதியிடம் சொல்லிவிட்டு அவள் மேசையைச் சுற்றி வெளியே வந்தாள். ப்ரியங்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளுக்கு முன்னாலேயே அந்தப் பெண்களைப் பார்த்துப் படியிறங்கிவிட்டாள்.